வலுவூட்டிய மண் தாங்கு சுவர்: கட்டும்போதும் கட்டிய பிறகும் அது நடந்துகொள்ளும் விதம் குறித்து ஒரு மதிப்புரை

வலுவூட்டிய மண் சுவர்களில் இரண்டு வகைகளை, முதல் பலகம் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து சாலை திறக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகும் வரை, மேற்பார்வைப் பொறியாளராக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒன்று துத்தநாகப் பூச்சிட்ட எஃகுப் பட்டைகளைக் கொண்டது. மற்றொன்று பாலியெஸ்டர் ஜியோகிரிட்டை, அதாவது வலைபோன்ற பாலிமர் விரிப்பைக் கொண்டது. இரண்டுமே பாலத்தின் அணுகுசாலையைத் தாங்குபவை. இரண்டிற்கும் முகப்பில் வார்ப்புக் கான்கிரீட் பலகங்களே நிற்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கட்டும்போது அவை நகர்ந்த விதமும், கட்டி முடித்த பிறகு அமைதி கொண்ட விதமும் வேறு வேறானவை. இந்த முறையைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோருக்கு, விற்பவரின் கையேட்டில் கிடைக்காத அந்த வேறுபாட்டைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் இந்தப் பொருள் எதுவென்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு உண்டு. இழுவிசையைத் தாங்கும் வலு கிடையாது. மண் அடுக்குகளுக்கு இடையே பட்டைகளைப் படுக்க வைத்தால், மண்ணுக்கும் பட்டைக்கும் இடையிலான உராய்வே அந்தக் குறையை ஈடுசெய்துவிடும் என்பதைக் கண்டுகொண்டு அதை ஒரு கட்டுமான முறையாக வளர்த்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால். அவருடைய முறையில் அமைந்த முதல் சுவர் 1965-இல் பிரெனே மலைப்பகுதியில் உள்ள பிரான்யேர் என்னும் இடத்தில் எழுந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படைக் கருத்து மாறவில்லை: பட்டைகளும் மண்ணும் சேர்ந்து ஒரே பெரும் பாறைபோல நின்று, பின்னால் உள்ள மண்ணின் தள்ளுதலைத் தம் எடையாலேயே எதிர்க்கின்றன. சுவர் என்று நாம் கைகாட்டும் கான்கிரீட் பலகம் 140 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு தோல் மட்டுமே. உண்மையான சுவர் அதற்குப் பின்னால், உயரத்தில் குறைந்தது 0.7 மடங்கு ஆழத்துக்கு, கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கிறது.

இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாதவர்களால் ஏற்படும் கேடுகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். பட்டையில் இழுவிசை மிகுந்திருக்கும் இடம் பலகத்தோடு அது இணையும் புள்ளி அன்று. எஃகுப் பட்டைச் சுவரின் மேற்பாதியில் அந்த இடம் முகப்பிலிருந்து உயரத்தின் 0.3 பங்கு தொலைவில் உள்ளே இருக்கிறது. நீளக்கூடிய ஜியோகிரிட் சுவரிலோ அடிமுனையிலிருந்து சாய்வாக மேலேறும் தளத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு முன்னால் உள்ள மண் வெளியே வழுக்க முயல்கிறது. பின்னால் உள்ள மண் பட்டையைப் பற்றிப் பிடித்து நிறுத்துகிறது. சாலை திறந்த பிறகு விளக்குக் கம்பம் நடவும் வடிகால் குழாய் பதிக்கவும் வருகிறவர்கள், பலகத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளித் தோண்டினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார்கள். அவர்கள் தள்ளிப்போய்த் தோண்டும் இடம்தான் பட்டைகள் அதிகம் இழுபட்டு நிற்கும் இடம். எங்கள் சுவரின் மேல் இரண்டு அடுக்கு ஜியோகிரிட்டுகள் அப்படி வெட்டப்படவிருந்த நேரத்தில் தற்செயலாக நான் அங்கே இருந்தேன். கம்பங்களுக்கும் குழாய்களுக்குமான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கி, அந்த இடங்களில் பட்டைகளை விலக்கி அமைத்துவிடுவதுதான் முறை. பின்னர் செய்துகொள்ளலாம் என்பது இந்தச் சுவருக்குப் பொருந்தாது.

கட்டும்போது இந்தச் சுவர் நகர்கிறது. நகர வேண்டும் என்றே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பட்டை சற்றே நீண்டால்தான் அதில் இழுவிசை பிறக்கும். மண் சற்றே நகர்ந்தால்தான் உராய்வு முழுமையாக எழும்பும். ஆகவே பலகத்தை நேர்க்குத்தாக நிறுத்துவது தவறு. அடிமட்டத்தில் போட்ட, கம்பியில்லாத சமதளக் கான்கிரீட்டின் மேல் முதல் வரிசைப் பலகங்களை உட்புறமாக, அதாவது மண்ணை நோக்கி, 1.5 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை சாய்த்து, மர ஆப்பு வைத்து, முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோம். பின்னால் மண் நிரப்பி உருளை ஓட்டும்போது பலகம் மெல்ல வெளியே வந்து நேராகிறது. தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கொத்தனார்களுக்கு, சாய்ந்த பலகத்தைச் சரியென்று ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை. முதல் வாரத்தில் ஒருவர் என் கண்ணெதிரிலேயே அத்தனை பலகங்களையும் நேராக்கிவிட்டார். இரண்டு அடுக்கு மண் ஏறியதும் அவை வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன. கழற்றி மறுபடியும் நிறுத்த நேர்ந்தது.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. மண்ணின் தன்மை, வலுவூட்டியின் (பட்டை அல்லது ஜியோகிரிட்டின்) நீளும் இயல்பு, உருளையின் எடை, வேலையாட்களின் கை என எல்லாம் அதில் சேர்கின்றன. உயரத்தில் 0.7 பங்கு நீளமுள்ள வலுவூட்டிகளைக் கொண்ட சுவருக்கு, எஃகானால் உயரத்தில் 250-இல் ஒரு பங்கும், ஜியோகிரிட் போன்ற நீளும் பொருளானால் 75-இல் ஒரு பங்கும் கட்டுமானத்தின்போது வெளிநகர்வு இருக்கலாம் என்று வடிவமைப்புக் கையேடுகள் ஒரு மதிப்பீட்டைத் தருகின்றன. 6 மீட்டர் உயரச் சுவருக்கு அது முறையே 24 மில்லிமீட்டரும் 80 மில்லிமீட்டரும் ஆகிறது. நான் பார்த்த இரண்டு சுவர்களிலும் நகர்வு அந்த மதிப்பீட்டுக்குள் அடங்கியது. ஆனால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எஃகுப் பட்டைச் சுவர் ஒவ்வொரு அடுக்குக்கும் சொன்னபடி நகர்ந்தது. ஜியோகிரிட் சுவருக்கு அதிகக் கவனம் தேவைப்பட்டது. விரித்த ஜியோகிரிட்டில் சிறு தொய்வு இருந்தாலும் அந்தத் தொய்வு முழுவதும் இறுகி முடியும் வரை பலகம் வெளியே வந்துகொண்டேயிருக்கும். கையால் இழுத்து, கடைக்கோடியில் முளையடித்து, முகப்புக்குச் சற்றுப் பின்னாலிருந்து கடைக்கோடியை நோக்கி மண்ணைத் தள்ளிக்கொண்டே போனால் தொய்வு தானாக விலகிவிடும். எதிர்த்திசையில் மண்ணைத் தள்ளினால் துணி சுருங்குவதுபோல ஜியோகிரிட் முகப்பருகே மடிந்துவிடும். சங்கிலிச் சக்கர எந்திரத்தை அதன்மேல் நேரடியாக ஏற்றவே கூடாது. குறைந்தது 150 மில்லிமீட்டர் மண்ணாவது இடையில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு நாளும் தவறாமல் செய்யும் குழு கிடைத்தால் மட்டுமே ஜியோகிரிட்டைப் பரிந்துரைப்பேன்.

முகப்பிலிருந்து ஒரு மீட்டர் அகலமுள்ள மண்பரப்புதான் இந்தச் சுவரின் மிகவும் நுட்பமான பகுதி என்பது என் முடிவு. கனமான அதிர்வு உருளை அங்கே வந்தால் பலகத்தை வெளியே தள்ளிவிடும். வராவிட்டால் மண் இறுகாது. ஆகவே அந்த ஒரு மீட்டருக்குள் மெல்லிய அடுக்குகளாக மண்ணிட்டு, கையால் தள்ளும் தட்டு எந்திரத்தாலோ சிற்றுருளையாலோ பொறுமையாக இறுக்க வேண்டும். எங்கள் ஜியோகிரிட் சுவரில், மாலை நேரத்தில் வேலையை முடிக்கும் அவசரத்தில், ஒப்பந்ததாரரின் ஓட்டுநர் பெரிய உருளையைப் பலகத்துக்கு அரை மீட்டர் அருகே கொண்டுபோனார். மறுநாள் காலையில் அந்த இடத்தில் சுவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. 3 மீட்டர் நேர்கோலைப் பிடித்தால் 20 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அங்கே அதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. இரண்டு வரிசைகளைக் கழற்றினோம். கழற்றிய வேலை நான்கு நாட்கள் எடுத்தது. அந்தத் தொப்பையை அப்படியே விட்டு மேலே கட்டியிருந்தால் சுவர் விழுந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் பலகங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டி உடைந்திருக்கும், இடைவெளியில் மண் கசியத் தொடங்கியிருக்கும்.

அந்த ஒரு மீட்டரை இறுக்காமல் விட்டுவிடுவதன் விளைவு இன்னும் மோசமானது, ஏனெனில் அது உடனே தெரியாது. பலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ரப்பர் மெத்தைகளின் மேல் நிற்பதால் அதிகம் இறங்குவதில்லை. பின்னால் உள்ள தளர்ந்த மண் மட்டும் மழையில் நனைந்து இறங்குகிறது. பலகத்தோடு பிணைந்த பட்டையின் முனை மேலேயே நிற்க, அதன் உடல் மண்ணோடு கீழே இறங்க, இணைப்பில் கணக்கில் எடுக்கப்படாத இழுப்பு உண்டாகிறது. மேலே சாலையோரம் நீளவாக்கில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் இது வெளியே தெரியவரும்.

மர ஆப்புகளைப் பற்றியும் ஒரு சொல். மேலே சில வரிசைகள் ஏறியதும் கீழ் வரிசை ஆப்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். எங்கோ ஓரிடத்தில் மறந்துவிட்டால், பலகங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இறங்கும் இடம் அடைபட்டு, அந்தப் பலகத்தின் மூலை பெயர்ந்துவிடும். பழைய சுவர்களில் மூலை உடைந்த பலகத்தைக் கண்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி மண். இந்த முறையை விற்பவர்கள் பலகத்தையும் பட்டையையும் தருகிறார்கள். சுவரின் கன அளவில் மிகப் பெரும் பங்கான நிரப்பு மண்ணை வாங்குபவரே தேடிக்கொள்கிறார். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்துகள் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மண்ணின் களித்தன்மையைக் காட்டும் நெகிழ்வுக் குறியெண் 6-ஐத் தாண்டக் கூடாது என்பவை பரவலாகப் பின்பற்றப்படும் வரம்புகள். எஃகுப் பட்டை என்றால் இவற்றோடு மண்ணின் அமில காரத் தன்மையும், குளோரைடு, சல்ஃபேட் அளவுகளும், மின்தடையும் சோதிக்கப்பட வேண்டும்; மின்தடை 3,000 ஓம்-சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரு குவாரியிலிருந்து முதல் மாதம் நல்ல மணல் வரும். இரண்டாம் மாதம் அதே பெயரில் களி கலந்த மண் வரும். சோதனைச் சான்றிதழ் முதல் மாதத்தியதாகவே இருக்கும். ஒவ்வொரு 2,000 கனமீட்டருக்கும் ஒரு முறையாவது மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் எங்களுக்கே ஒரு விதியை வைத்துக்கொண்டோம்; அதன் பிறகு திருப்பி அனுப்பப்பட்ட லாரிகள் பல.

நுண்துகள் மிகுந்த மண்ணை ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதற்கு நீரே விடை. ராபர்ட் கோயர்னரும் ஜார்ஜ் கோயர்னரும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பில், தோல்வியுற்ற 171 ஜியோசிந்தெடிக் (ஜியோகிரிட் போன்ற செயற்கைப் பொருளால் வலுவூட்டிய) சுவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் உள்நீராலோ வெளிநீராலோ தோற்றவை. 61 சதவீதச் சுவர்களில் வலுவூட்டிய பகுதியிலேயே வண்டலோ களிமண்ணோ நிரப்பப்பட்டிருந்தது. ஜியோகிரிட்டின் தயாரிப்புக் குறையால் விழுந்த சுவரைத் தேடினால் கிடைப்பது அரிது. 98 சதவீதத் தோல்விகளுக்கு வடிவமைப்போ கட்டுமானமோதான் காரணம். பொருளின் தரச் சான்றிதழை ஆயிரம் முறை சரிபார்க்கும் அதிகாரிகள், வடிகால் ஜல்லி அடுக்கின் அகலத்தை ஒரு முறை அளந்து பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

மழைக்காலத்தில் எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை, கடைசி அடுக்கை மட்டமாக விட்டுவிட்டுக் குழுவினர் கிளம்பிவிட்டனர். இரவில் பெய்த மழை முகப்புப் பக்கம் தேங்கி நின்றது. மறுநாள் அது வடிந்துவிட்டதாக எண்ணி உருளையை ஓட்டினார்கள். மண் கால்பட்ட சேறுபோல அலையாடியது, பலகங்கள் ஒரே காலையில் வெளியே தள்ளப்பட்டன. நாள் முடிவில் மேல் அடுக்கை முகப்பிலிருந்து விலகிச் சரியும்படி சாய்வாக இறுக்கி முடித்தால் இது நேராது. சிறிய விஷயம்தான். ஆனால் கட்டுமானக் காலத்தில் மேலே சாலைத்தளமோ முடிவு பெற்ற வடிகாலோ இல்லாத நிலையில், அந்தச் சுவரை நீரிலிருந்து காப்பது அந்தச் சாய்வு ஒன்றே.

கட்டி முடித்த பிறகு எஃகுப் பட்டைச் சுவரில் பக்கவாட்டு நகர்வு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஜியோகிரிட் சுவர் முதல் ஆண்டில் சில மில்லிமீட்டர் மேலும் நகர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நகர்வு தேய்ந்துகொண்டே வந்தது. பாலிமர் நிலையான சுமையின் கீழ் மெல்ல நீளும் இயல்புடையது. இதை ஊர்வு என்கிறோம். 10,000 மணி நேரச் சோதனைகளைக் கொண்டு இதற்கான குறைப்புக் காரணியை, அதாவது வலிமையை எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதைக் கணிக்கிறார்கள். பாலியெஸ்டருக்கு அது 1.6 முதல் 2.5 வரையிலும், உயர் அடர்த்திப் பாலித்தீனுக்கு அதைவிட அதிகமாகவும் வருகிறது. எனவே ஜியோகிரிட்டின் உடையும் வலிமையைப் பார்த்து மயங்காமல், ஊர்வு, பதிக்கும்போது ஏற்படும் சேதம், வேதியியல் சிதைவு ஆகிய மூன்றையும் கழித்த பின் எஞ்சும் நீண்டகால வலிமையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடிமண் இறங்குவதை இந்தச் சுவர் வியக்கத்தக்க அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது. வழக்கமான கான்கிரீட் தாங்கு சுவரைவிட இதை நான் விரும்புவதற்கு முதன்மைக் காரணம் அதுவே. பலகங்களுக்கு இடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், சுவரின் நீளத்தில் 100-இல் ஒரு பங்கு வேறுபட்ட இறக்கத்தையும் அது பெரிய சேதமின்றி ஏற்கும். முழு உயர ஒற்றைப் பலகங்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. அவற்றுக்கு 500-இல் ஒரு பங்குதான் வரம்பு. எங்கள் சுவர்களில் ஒன்று மென்மையான களிப்படுகையின் மேல் நிற்கிறது. பாலத்தின் தூண் ஆழ்துளைக் கம்பங்களின் மேல் அசையாமல் நிற்க, பக்கத்தில் சுவர் இறங்கியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை நழுவும் இணைப்பு வைக்கப்பட்டிருந்ததால் பலகங்கள் பிழைத்தன. அந்த இணைப்பு முதல் வரைபடத்தில் இல்லை; கேட்டுச் சேர்த்தோம். வாங்குபவர் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

நிலநடுக்கத்திலும் இந்த நெகிழ்வு உதவுகிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, தனாடா என்ற இடத்தில் ரயில்பாதைக் கரைக்காக அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டிருந்த ஜியோகிரிட் சுவர் சற்று முன்னோக்கி நகர்ந்து சாய்ந்தாலும் இடியாமல் நின்றது. அந்தப் பகுதியில் பழைய முறைச் சுவர்கள் பல சரிந்து விழுந்தன. அந்தச் சுவரின் முகப்பு தனித்தனிப் பலகங்கள் அல்ல, மண் நகர்ந்து முடிந்த பிறகு வார்க்கப்பட்ட முழுக் கான்கிரீட் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆண்டுதோறும் சுவரைச் சுற்றி வரும்போது நான் பார்ப்பவை சில. பலக இடைவெளியின் அடியில் மண் குவிந்திருந்தால் உள்ளே ஒட்டிய ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணி) கிழிந்திருக்கிறது என்று பொருள்; அது உடனே கவனிக்கப்பட வேண்டியது. சாலைத்தளத்தில், வலுவூட்டிகள் முடியும் கோட்டுக்கு மேலே நீளவாக்கில் விரிசல் விழுந்தால், வலுவூட்டிய மண்ணும் பின்னுள்ள மண்ணும் வேறு வேறாக இறங்கியிருக்கின்றன. அதை அடைக்காமல் விட்டால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். முகப்பில் வெண்மையாகப் பூக்கும் உப்பு கவலைக்குரியது அன்று. ஆனால் மழை நின்று பல நாளாகியும் ஒரே இடத்தில் ஈரம் காயாமல் இருந்தால், பின்னால் வடிகால் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

எஃகா, ஜியோகிரிட்டா என்று கேட்போருக்கு: உயரமான சுவருக்கும், பாலத்தின் பாரம் அருகே வரும் இடத்துக்கும், நகர்வை மிகக் குறைவாக வைத்திருக்க வேண்டிய இடத்துக்கும் எஃகுப் பட்டையே என் தேர்வு. கடற்கரையை ஒட்டிய உப்பு மண்ணிலும் தொழிற்சாலைக் கழிவு நீர் இறங்கக்கூடிய இடத்திலும் எஃகை நான் ஏற்க மாட்டேன். அங்கே ஜியோகிரிட்தான் நிற்கும், அதற்கேற்ற கட்டுமான ஒழுக்கம் இருந்தால். நல்ல மண் கிடைக்காத இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டு வேறு வகைச் சுவரைத் தேடுவதே நல்லது.

எஃகைப் பற்றி எனக்கிருந்த பெரிய அச்சம் துருதான். வழக்கமான துத்தநாகப் பூச்சு 86 மைக்ரான். வரம்புக்குட்பட்ட மண்ணில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 15 மைக்ரானும், பின்னர் ஆண்டுக்கு 4 மைக்ரானும் கரையும் என்று வடிவமைப்பில் கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் பூச்சு 16 ஆண்டுகளில் தீர்ந்து, அதன் பிறகு எஃகு பக்கத்துக்கு ஆண்டுக்கு 12 மைக்ரான் வீதம் தேயத் தொடங்கும். 75 அல்லது 100 ஆண்டு ஆயுளுக்கு வேண்டிய எஃகு முன்கூட்டியே கூடுதல் பருமனாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கணக்கு சரியென்று தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. அதனால் கட்டும்போதே, சுமை ஏதும் தாங்காத சில பட்டைத் துண்டுகளை முகப்பின் சிறு துளைகள் வழியாக உள்ளே புதைத்து வைக்கச் சொன்னோம். பிற்காலத்தில் உருவி எடுத்து அளப்பதற்காகவே வைக்கப்படுபவை அவை. எட்டாம் ஆண்டில் ஒன்றை உருவினோம். ஒட்டியிருந்த மணலைத் துடைத்தபோது உள்ளே சாம்பல் நிறத் துத்தநாகம் அப்படியே இருந்தது. வெட்டிய முனையில் மட்டும் விரல் நகமளவுக்குத் துரு. இன்னும் ஐந்து துண்டுகள் உள்ளே இருக்கின்றன. அடுத்ததை எந்த ஆண்டில் எடுக்க வேண்டும் என்று பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.